31,400 ரூபாயில் ஒரு ஹோம் தியேட்டர்

காலை நடைக்கு வரும் எங்கள் கோஷ்டியில் விஷயம் பரவிவிட்டது. "என்ன சார், வீட்டிலேயே தியேட்டர் கட்டிட்டீங்களாமே, எத்தனை ஆச்சு?" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். தொகையைச் சொன்னால் பாதிப் பேர் "அவ்வளவா?" என்கிறார்கள், மீதிப் பேர் "அவ்வளவுதானா?" என்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்கி மாளவில்லை. அதனால் இங்கே எழுதி வைத்துவிடுகிறேன். நம் வயதுக்காரர்கள் யாராவது இந்த வேலையில் இறங்கினால் உபயோகப்படும்.

மொத்தச் செலவு 31,400 ரூபாய். இடம், கொரட்டூர் ஹவுசிங் போர்டு பகுதியில் முதல் மாடி வீடு. ஹால் 10க்கு 12 அடி. 43 அங்குல டிவி ஏற்கனவே இருந்தது, அது இந்தக் கணக்கில் இல்லை.

முதலில் இது எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். படம் அதிர அதிரப் பார்க்க வேண்டும் என்ற ஆசையெல்லாம் எனக்கு இந்த வயதில் இல்லை. என் மனைவி டிவி பார்ப்பதை நிறுத்திவிட்டாள். அதுதான் காரணம்.

நிறுத்தியது ஒரே நாளில் இல்லை. முதலில் வால்யூம் 18இல் இருந்து 25க்குப் போனது. பிறகு 35. கீழ் வீட்டுக்காரர் நல்ல மனிதர், ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் படியில் பார்க்கும்போது "நேத்து நீங்க பார்த்த படம் நாங்களும் கேட்டோம் சார்" என்பார். அப்புறம் ஒவ்வொரு காட்சிக்கும் "என்னங்க சொன்னான்?" என்று கேட்க ஆரம்பித்தாள். நான் பதில் சொல்வதற்குள் அடுத்த வசனம் போய்விடும். அதற்கும் "இப்ப என்ன சொன்னான்?" என்பாள். ஒரு கட்டத்தில் கேட்பதை விட்டுவிட்டாள். நான் ஹாலில் படம் பார்ப்பேன், அவள் உள்ளே கட்டிலில் உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டிருப்பாள். 41 வருஷம் சேர்ந்து படம் பார்த்த இரண்டு பேர். கல்யாணமான புதிதில் அம்பத்தூர் ராக்கி தியேட்டருக்கு நடந்தே போய்வந்தவர்கள். அடுத்தடுத்த அறையில் தனித்தனியாக உட்கார்ந்திருந்தோம்.

காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, ஒவ்வொரு சுருதியாக ஒலி கொடுத்துப் பார்த்தார்கள். வந்த வரைபடத்தைப் பார்த்ததும் எனக்குப் பாதி புரிந்துவிட்டது. நான் 1979இல் தபால் தந்தி இலாகாவில் சேர்ந்து, 2015இல் பி.எஸ்.என்.எல்.லில் ரிட்டயர் ஆனவன். அலைவரிசை வரைபடம் பார்த்தே குப்பை கொட்டியவன். கீழ்ச் சுருதிகள் எல்லாம் அவளுக்குச் சுமாராகக் கேட்கின்றன. 2000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் கோடு மாடிப்படி மாதிரி இறங்குகிறது. வயதாகும்போது பெரும்பாலோருக்கு இப்படித்தான், மேல் சுருதிதான் முதலில் போகும் என்றார் டாக்டர். இரண்டு காதுக்கும் மிஷின் வைத்துக்கொள்வது நல்லது என்றும் சொன்னார். "கிழவி மாதிரி காதில் மிஷின் மாட்டிக்கிட்டு நான் வெளியே போறதா?" என்று சொல்லிவிட்டு ஆட்டோ வரைக்கும் அவள் என்னோடு பேசவில்லை.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஹோம் தியேட்டரில் எதற்குப் பணம் போடலாம், எதற்குப் போடக் கூடாது என்பதெல்லாம் இதில்தான் இருக்கிறது.

பழைய டெலிபோன் லைனில் 300 ஹெர்ட்ஸில் இருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் ஒலி போகும். அதற்கு மேலும் கீழும் வெட்டிவிடுவார்கள். ஆனாலும் பேச்சு புரிந்தது, ஆள் யார் என்றும் தெரிந்தது. ஆனால் ஊர்ப் பெயர், ஆள் பெயர் சொல்லும்போது தகராறு வரும். எஸ் என்றால் எஃப் என்று கேட்கும். அதற்காகத்தான் அந்தக் காலத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு ஊர்ப் பெயரைச் சொல்லிக் கத்துவோம். அந்த இரண்டு எழுத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் 3400க்கு மேலே இருக்கிறது, அதை லைன் கொண்டுபோகவில்லை. வயதும் காதுக்கு இதையேதான் செய்கிறது. லைனைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுகிறது.

தமிழில் பட்டு, தட்டு, கட்டு, சட்டு என்று சொல்லிப் பாருங்கள். பின்பாதி எல்லாவற்றுக்கும் ஒன்றே. முதல் மெய்யெழுத்தில்தான் அர்த்தம் இருக்கிறது. உயிரொலிகளுக்குப் பலம் அதிகம், பெரும்பாலும் கீழ்ச் சுருதியில் இருப்பவை. மெய்யொலிகள் மெலிவானவை, மேல் சுருதியில் இருப்பவை. காது மங்கியவருக்கு "அட்டு" என்று மட்டும் கேட்கும். வால்யூமைக் கூட்டினால் "அட்டு" பெரிதாகக் கேட்குமே தவிர, அது பட்டா தட்டா என்று தெரியாது. "சத்தம் கேக்குதுங்க, என்ன பேசறாங்கன்னுதான் புரியல" என்று நம் வீட்டில் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். அவர்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி.

இப்போது வரும் டிவிக்களைப் பாருங்கள். சப்பாத்தி மாதிரி மெலிசு. ஸ்பீக்கருக்கு முன்பக்கம் இடமே இல்லை. அடியிலோ முதுகிலோ சின்னதாக வைத்திருக்கிறார்கள். ஒலி மேஜையில் பட்டு, சுவரில் பட்டு, சுற்றிக்கொண்டு நம்மிடம் வருகிறது. கீழ்ச் சுருதி வளைந்து வந்துவிடும். மேல் சுருதி நேர்க்கோட்டில்தான் போகும், எதிரே இருப்பவருக்குத்தான் நன்றாகக் கேட்கும். ஏற்கனவே மேல் சுருதி மங்கிய காதுக்கு அதையும் குறைத்து அனுப்பினால் என்ன ஆகும்?

ஹோம் தியேட்டர் என்றதும் கடைக்காரர்கள் குண்டு வெடிப்பதையும் கார் பறப்பதையும் போட்டுக் காட்டுகிறார்கள். நம் தலைமுறைக்கு சினிமா என்றால் வசனம். விவித் பாரதியில் ஒலிச்சித்திரம் என்று ஒரு முழுப் படத்தைக் காதாலேயே பார்த்தவர்கள் நாம். கல்யாண வீடுகளில் குழாய் கட்டி 'திருவிளையாடல்' கதை வசனம் போட்டால் பந்தி பரிமாறுகிறவரும் கூடவே சொல்வார். ஆகவே என் கணக்கு வேறு. செலவழிக்கும் பணத்தில் பெரும் பங்கு மனிதக் குரலுக்குப் போக வேண்டும். மீதி இருந்தால் குண்டுக்கு.

5.1 என்று எழுதியிருப்பதன் அர்த்தம் பலருக்குத் தெரிவதில்லை. முன்னால் மூன்று ஸ்பீக்கர், பக்கவாட்டில் அல்லது சற்றுப் பின்னால் இரண்டு, ஆக ஐந்து. அந்த .1 என்பது சப்வூஃபர், அடித்தொண்டை ஒலிக்கு மட்டும். 'குருதிப்புனல்' 1995இல் டால்பி ஒலியோடு வந்ததும், அடுத்த வருஷம் 'கருப்பு ரோஜா' டி.டி.எஸ். ஒலியோடு வந்ததும் உங்களுக்கு நினைவிருக்கலாம். அப்போது எல்லோரும் பின்னால் கேட்கும் சத்தத்துக்குத் திரும்பித் திரும்பிப் பார்த்தோம். ஆனால் இந்த மாதிரிப் படங்களில் வசனத்தில் பெரும்பகுதி முன்னால் நடுவில் இருக்கும் ஒரே ஒரு ஸ்பீக்கரில் இருந்துதான் வருகிறது. தியேட்டரில் அது திரைக்குப் பின்னால் இருக்கும். வீட்டில் டிவிக்குக் கீழே வைக்க வேண்டும். சென்டர் ஸ்பீக்கர் என்பார்கள். என் பட்ஜெட்டில் அதுதான் மாப்பிள்ளை. மற்றதெல்லாம் மாப்பிள்ளைத் தோழன்.

மகன் வெளியூரில் இருக்கிறான். விஷயம் தெரிந்ததும், "அப்பா, நான் ஒரு சவுண்ட்பார் அனுப்பறேன், அறுபதாயிரம்தான், மாட்டினா வேலை முடிஞ்சுது" என்றான். சவுண்ட்பாரில் குறை இல்லை. வயர் இழுக்க முடியாதவர்கள், வாடகை வீட்டில் இருப்பவர்கள், நடுவில் தனி சென்டர் ஸ்பீக்கர் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் நல்லதுதான். ஆனால் அதில் எல்லாம் ஒரே பெட்டிக்குள். ஒன்று போனால் எல்லாம் போச்சு. தனித்தனியாக வாங்கினால் ரிசீவர் பழுதானாலும் ஸ்பீக்கர் 20 வருஷம் உழைக்கும். இன்னொரு காரணத்தை அவனிடம் சொன்னேன். "காது மிஷின் இரண்டு வாங்கணும்டா, அதுக்கு எடுத்து வெச்சிருக்கேன். அம்மா எப்ப சரின்னு சொல்றாளோ அப்ப அது கையில இருக்கணும். இதுக்கு 35,000க்கு மேல ஒரு ரூபாய் கிடையாது." அவன் அதற்கப்புறம் பேசவில்லை.

கொரட்டூரில் ரயில் ஏறி சென்ட்ரல், அங்கே மெட்ரோ மாறினால் அடுத்த நிறுத்தம் அரசினர் தோட்டம். அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் ரிச்சி தெரு. மூன்று முறை போனேன். முதல் முறை பர்ஸை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போனேன், விலை விசாரிக்க மட்டும். இது என் அப்பா பாத்திரக் கடைக்குச் செய்யும் வழக்கம்.

அங்கே கற்றதையும், எனக்கு முன்பே தெரிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். அட்டைப் பெட்டியில் "1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ." என்று பெரிதாக எழுதியிருந்தால் அதைப் பார்க்காதீர்கள். பெட்டியைத் திருப்பி முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். அது கரண்டில் இருந்து எத்தனை வாட்ஸ் இழுக்கிறது என்று போட்டிருக்கும். 60 வாட்ஸ் சாப்பிடுகிற மாடு 1000 வாட்ஸ் பால் கறக்காது. ஆர்.எம்.எஸ். என்று போட்ட எண்ணை மட்டும் நம்பலாம். இன்னொன்று, வாட்ஸ் இரண்டு மடங்கானால் சத்தம் இரண்டு மடங்காகாது, 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய வேண்டுமென்றால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். 10க்கு 12 அடி ஹாலுக்கு, சேனலுக்கு உண்மையான 30, 40 வாட்ஸ் தாராளம்.

ரிசீவர் புதிதாக வாங்கினால் என் பட்ஜெட் அதிலேயே தீர்ந்துவிடும். ஆகவே பழையது. பழையது வாங்கும்போது நான் பார்த்தவை நான்கு. ஒன்று, 230 வோல்ட் செட்டா என்று. அமெரிக்காவில் இருந்து யாரோ கொண்டுவந்து விற்ற 120 வோல்ட் செட்டுகள் மலிவாகக் கிடைக்கும். அதற்குத் தனியாகக் கனமான டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், தெரியாமல் நேராகச் சொருகினால் கதை முடிந்தது. இரண்டு, எச்.டி.எம்.ஐ. சொருகும் இடத்தில் ஏ.ஆர்.சி. என்று எழுதியிருக்கிறதா என்று. இருந்தால் டிவியின் ஒலி ஒரே வயரில் ரிசீவருக்கு வந்துவிடும். மூன்று, டெஸ்ட் டோன் போட்டு ஐந்து சேனலும் தனித்தனியாக ஒலிக்கிறதா என்று. நான்கு, ஒரு மணி நேரம் ஓடவிட்டு மேலே கை வைத்துப் பார்ப்பது. சூடு இருக்கும், ஆனால் கருகல் வாசனை வரக் கூடாது. கடைக்காரப் பையன், "ஐயா, பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்கறீங்களே" என்றான். டீ வாங்கிக் கொடுத்தான். 9,500க்கு முடிந்தது.

முன்னால் இடம் வலம் வைக்க இரண்டு ஸ்பீக்கர் வாங்கவே இல்லை. 1990களில் டேப் ரிக்கார்டரோடு வாங்கிய இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர் பரண்மேல் கிடந்தது. கூம்பைச் சுற்றி இருக்கும் ஸ்பான்ஜ் வளையம் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. காலப்போக்கில் எல்லா ஸ்பான்ஜுக்கும் அந்த கதிதான். அது மட்டும் போனால் ஸ்பீக்கர் போய்விட்டதென்று அர்த்தமில்லை. ரிச்சி தெருவில் வளையம் மாற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டுக்கும் சேர்த்து 1,400 ரூபாய். பழைய இரும்புக்காரனுக்குப் போட இருந்த பெட்டிகள், இப்போது அவைதான் பாட்டுக்கு உயிர். உங்கள் பரணையும் ஒருமுறை பாருங்கள்.

செலவுப் பட்டியல் இது.

ரிசீவர், பழையது: 9,500
சென்டர் ஸ்பீக்கர், புதியது: 8,000
பழைய ஸ்பீக்கர் இரண்டுக்கும் வளையம் மாற்ற: 1,400
சரவுண்ட் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, சிறியது: 3,200
சப்வூஃபர், பழையது: 6,000
ஸ்பீக்கர் வயர், பின்கள்: 1,300
எச்.டி.எம்.ஐ. கேபிள்: 450
ஸ்பைக் கார்டு: 650
ஆசாரி கூலி, பலகை: 900

கூட்டினால் 31,400. சென்டர் ஸ்பீக்கரை மட்டும் நல்ல விலை கொடுத்துப் புதிதாக வாங்கியிருப்பதைக் கவனியுங்கள். கடையில் அதற்கு நான் போட்டுப் பார்த்தது செய்தி வாசிப்புதான். பாட்டு எந்த ஸ்பீக்கரிலும் இனிக்கும். செய்தி வாசிப்பவரின் "ச"வும் "ட"வும் பிசிறில்லாமல் வருகிறதா என்று பாருங்கள், போதும்.

வயர் விஷயத்தில் ஒரு கடையில் மீட்டர் 400 ரூபாய் வயரைக் காட்டினார்கள். ஆக்சிஜன் இல்லாத செம்பாம். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 5 மீட்டர் தூரம், போக வர 10 மீட்டர். தடை சுமார் 0.12 ஓம். ஸ்பீக்கர் 8 ஓம். நூற்றில் ஒன்றரைப் பங்கு நஷ்டம். காதுக்குத் தெரியவே தெரியாது. சாதாரண நல்ல செம்பு வயர் போதும். சிவப்பு சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு என்று எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே மாதிரிப் போட வேண்டும், அவ்வளவுதான்.

இனி காசில்லாத வேலைகள். இவைதான் எனக்கு அதிகப் பலன் தந்தன.

ஹாலின் நடுவில் நின்று ஒரு கைதட்டு தட்டிப் பாருங்கள். "டப்" என்று நின்றால் நல்ல அறை. "டண்ண்" என்று இழுத்தால் எதிரொலி. எங்கள் ஹால் மொசைக் தரை, சிமெண்ட் சுவர், இழுக்கத்தான் செய்தது. எதிரொலி வசனத்துக்கு எமன். ஒரு எழுத்தின் வால் அடுத்த எழுத்தின் மேல் விழும். பவானி ஜமுக்காளம் ஒன்று பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்தது, அதை எடுத்து டிவிக்கும் சோபாவுக்கும் நடுவில் விரித்தேன். உள்ளறையில் இருந்த புத்தக அலமாரியைப் பின்சுவருக்கு மாற்றினோம். ஜன்னலுக்குத் தடித்த துணித் திரை. மறுபடி தட்டினேன், "டப்".

அடுத்தது சோபா. சுவரோடு ஒட்டி டிவியில் இருந்து 11 அடியில் இருந்தது. எட்டடிக்கு இழுத்துப் போட்டோம். ஸ்பீக்கருக்கு அருகில் போகப் போக நேரடி ஒலி கூடும், எதிரொலியின் பங்கு குறையும். ஒரு ரூபாய் செலவில்லை. "ஹாலுக்கு நடுவுல சோபா, பாக்கவே நல்லால்லை" என்று முதலில் முனகினாள். இப்போது அதன் பின்னால் துணி மடிக்க இடம் கிடைத்திருக்கிறது என்று சொல்கிறாள்.

முன் ஸ்பீக்கர் இரண்டும், நாம் உட்காரும் இடமும் சேர்ந்து ஏறக்குறைய சம முக்கோணமாக இருக்க வேண்டும். சென்டர் ஸ்பீக்கர் டிவிக்குக் கீழே தாழ்வாகத்தான் வைக்க முடியும். ஆகவே ஆசாரியிடம் சொல்லி ஒரு ஆப்பு மாதிரிப் பலகை செய்து, முகத்தைக் காதை நோக்கி நிமிர்த்தினேன். சரவுண்ட் இரண்டும் காதுக்குச் சற்றுப் பின்னால், தலைக்கு ஓரடி மேலே. சப்வூஃபருக்கு ஒரு வேடிக்கையான வழி இருக்கிறது. அதை சோபாவில் உட்கார வைத்துப் பாட்டுப் போட்டுவிட்டு, நாம் ஹாலின் ஓரங்களில் குனிந்து நடந்து கேட்க வேண்டும். எங்கே அடி ஒலி கொழகொழக்காமல் சீராகக் கேட்கிறதோ அங்கே அதை வைக்கலாம். நான் தவழ்வதைப் பார்த்துப் பால்காரர் பயந்தே போனார். கீழ் வீட்டுக்காரரை நினைத்து, அடியில் தடித்த ரப்பர் பாய் போட்டு, சத்தத்தைப் பாதிக்கும் கீழே வைத்திருக்கிறேன். இப்போது படியில் பார்த்தால், "ஏன் சார், டிவி ரிப்பேரா?" என்கிறார்.

டிவிக்குள் ஒரு இடம் கவனிக்க வேண்டும். ஒலி அமைப்பில் பி.சி.எம். என்று இருந்தால் பெரும்பாலும் இரண்டு சேனல்தான் வெளியே வரும். அதை ஆட்டோ அல்லது பிட்ஸ்ட்ரீம் என்று மாற்றினால்தான் 5.1 ரிசீவருக்குப் போய்ச் சேரும். எல்லாம் வாங்கி மாட்டியும் "பின்னால ஒண்ணும் கேக்கலையே" என்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள். பிறகு ரிசீவரில் சென்டர் ஸ்பீக்கரை மட்டும் 3 டெசிபல் கூட்டினேன். நைட் மோட் என்று ஒன்று இருக்கும். அது பெரிய சத்தத்தை அடக்கி, முணுமுணுப்பைத் தூக்கிக் காட்டும். இரவில் பார்ப்பவர்களுக்கும், வயதானவர்களுக்கும் அது வரப்பிரசாதம்.

எல்லாம் முடிந்ததும் எந்தப் படம் போட்டுப் பார்ப்பது? மகன் ஏதோ ஆங்கிலப் படம் சொன்னான். நான் 'காதலிக்க நேரமில்லை' போட்டேன். 1964இல் வந்த படம், ஒரே சேனல் ஒலி. பழைய படத்துக்கு 5.1 எதற்கு என்று கேட்பீர்கள். இடம் வலம் இரண்டிலும் ஒரே ஒலி வந்தால் அதைச் சென்டருக்கு அனுப்பும் புரோ லாஜிக் என்ற வசதி இந்த ரிசீவரில் உண்டு. பழைய படத்தின் வசனம் முழுக்க அந்த ஒற்றை ஸ்பீக்கரில், நம் முகத்துக்கு நேரே வரும். பழைய படம் பார்ப்பவர்களுக்குத்தான் சென்டர் ஸ்பீக்கர் அதிகம் உழைக்கிறது.

அதில் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சி எல்லோருக்கும் தெரியும். பேய்ப் படத்துக்கு வேண்டிய ஓசையெல்லாம் வாயாலேயே எழுப்புவார். எதிரே பாலையா பேசுவது கொஞ்சம்தான், மூச்சு வாங்குவதும் முனகுவதும்தான் நடிப்பு. அந்தச் சின்னச் சின்ன ஓசைகள் கேட்காவிட்டால் அந்தக் காட்சியில் பாதி இல்லை. என் மனைவிக்கு அது மனப்பாடம். ஆனால் மனப்பாடத்தில் சிரிப்பது வேறு, கேட்டுச் சிரிப்பது வேறு. வால்யூம் 22இல் இருந்தது. நான் டிவியைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாலையா தொண்டைக்குள் முனகும் இடத்தில், எனக்கு முன்பாக அவள் சிரித்தாள். "இந்த முனகலைக் கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு" என்றாள்.

அதற்குப் பிறகு இரவு எட்டரைக்கு ஹாலில் இரண்டு பேரும் உட்காருகிறோம். புதுப் படங்களும் பார்க்கிறோம். இரைச்சலான இசைக்கு மேல் வசனம் பேசும் படங்களில் இன்னும் அவளுக்கு விட்டுப்போகிறது. அப்போது எழுத்தைப் போட்டுக்கொள்கிறோம்.

ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஸ்பீக்கர் காதுக்கு மாற்று இல்லை. இரண்டு மாதம் கழித்து உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். மண்டபத்தில் மேளம், பேச்சு, பாத்திரச் சத்தம். என் அக்கா மகள் பக்கத்தில் உட்கார்ந்து, "மாமி, கால்வலி எப்படி இருக்கு?" என்று கேட்க, இவள் "பொண்ணு அழகா இருக்கா" என்று பதில் சொன்னாள். அவள் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டாள். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு கேட்டாள், "ஏங்க, நம்ம ஹாலில் எனக்கு எல்லாம் புரியுதே, வெளியே போனா ஏன் ஒண்ணும் புரியலை?"

நான் பழைய வரைபடத்தை எடுத்து அவளுக்குக் காட்டினேன். "ஹாலில் நான் சோபாவை இழுத்து, ஜமுக்காளம் போட்டு, சென்டரைத் தூக்கி வெச்சேன். கல்யாண மண்டபத்துல யார் போடுவா? அந்த வேலையை உன் காதுக்குப் பக்கத்துலேயே செய்யறதுதான் அந்த மிஷின்" என்றேன். எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் காபி கொடுக்கும்போது, "அந்த டாக்டர் திங்கக்கிழமை இருப்பாரா?" என்றாள்.

எடுத்து வைத்திருந்த பணம் அப்படியே இருந்தது. மிஷின் மாட்டி இப்போது ஐந்து வாரம் ஆகிறது. முதல் வாரம் குக்கர் விசிலும் குழாய்த் தண்ணீரும் காதைக் குத்துகிறது என்று கழற்றிக் கழற்றி வைத்தாள். பழகக் கொஞ்ச நாள் ஆகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். சென்டர் ஸ்பீக்கரை 3 டெசிபலில் இருந்து 1க்கு இறக்கியிருக்கிறேன்.

ஆகவே, கேட்கும் நண்பர்களுக்கு என் வரிசை இதுதான். முதலில் காதைச் சோதியுங்கள், உங்கள் காதையும் வீட்டில் இருப்பவர் காதையும். இரண்டாவது, சோபாவை இழுத்துப் போட்டு, தரைக்கு ஒரு ஜமுக்காளம் விரித்துப் பாருங்கள். பலருக்கு அதுவே போதுமாக இருக்கும். மூன்றாவது, ரிசீவரும் நல்ல சென்டர் ஸ்பீக்கரும். இடம் வலத்துக்குப் பரணில் இருப்பதைப் பாருங்கள். சரவுண்டும் சப்வூஃபரும் அடுத்த வருஷம் கூட வாங்கிக்கொள்ளலாம், ரிசீவர் காத்திருக்கும். இந்த வாரம் யாராவது ரிச்சி தெரு போவதாக இருந்தால் சொல்லுங்கள். எனக்கும் ஒரு ரிமோட் பேட்டரி மூடி வாங்க வேண்டியிருக்கிறது, கூட வருகிறேன்.